ஏனாத்தூர்ப் பெட்டியின் மூலபாடம்: இடைச்செருகல் குறித்த ஓர் ஆய்வு

விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் கேட்கிறார்: "பெட்டியை நீங்களேதானே கட்டினீங்க?" பயணி "ஆமாம்" என்கிறார். காஞ்சிபுரம் மாவட்டத்து ஏனாத்தூரிலிருந்து சிங்கப்பூர் போகும் எவரும் சொல்லும் இந்த "ஆமாம்" பொய் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஏனாத்தூரில் பெட்டியைத் தெருவே கட்டுகிறது. பயணி அதைத் தூக்கிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் எங்கள் வீடு. காலம், சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்கு நான் போய்வந்த மூன்று பயணங்கள். தகவலாளிகள் பெரியம்மா, அத்தை, எதிர்வீட்டு அக்கா, மற்றும் அன்றைக்கு அந்தப் பக்கம் வந்த எல்லாரும்.

முதலில் வரலாற்றுப் பின்னணி. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுப்பதைச் சொல்பவை. ஏரிக்கு வாரியம் வைத்த சபை பெட்டிக்கு ஒரு வாரியம் வைக்காமல் போனது இந்த வட்டாரத்துக்கு நேர்ந்த பெரும் இழப்பு. ஆனால் அச்சபையார் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றதோடு நிறுத்தாமல், அவருடைய பெரியம்மா, சின்னம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனர், மருமகன் வரை எல்லாரையும் விலக்கி வைத்தார்கள். அறிஞர்கள் இதை ஊழல் தடுப்பு என்று படிக்கிறார்கள். பயணத்துக்கு முந்தின நாள் மாலை எங்கள் திண்ணையில் பொட்டலத்தோடு வந்து உட்கார்பவர்களின் பட்டியலும் இதுவே, ஏறத்தாழ வரிசை பிசகாமல். எனவே கல்வெட்டுக்கு வேறொரு பொருளும் கொள்ள இடமுண்டு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும், கைக்குள் எதையும் ஒளிக்கவில்லை என்று எல்லாரும் காண. இன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் முன் மேடை மேல் ஏறிக் கையை விரித்து நிற்கும்போது, இது நம்மூர் வழக்கந்தானே என்று மனம் தேறலாம். அப்படையினர் விமான நிலையங்களுக்கு வந்தது 2000-இல். 1999 டிசம்பரில் நம் விமானத்தைக் காந்தகாருக்குக் கடத்திப் போனதற்குப் பிறகு.

இனி மூலபாடம். பெட்டியை ஒரு சுவடியாகக் கொள்வோம். மூல ஆசிரியன் பயணி. அவன் வைத்தவை நான்கு சட்டை, இரண்டு வேட்டி, மருந்து, ஒரு துண்டு. எங்கள் வீட்டில் எடை பார்க்கக் கருவி கிடையாது. ஆகவே பெட்டியை மாவு மில்லுக்குத் தூக்கிப் போனோம். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டுத் தராசில் ஏற்றினார். இருபத்திரண்டரை. அனுமதி இருபத்து மூன்று. நிம்மதியாகத் திரும்பினோம். பெட்டி மட்டும் சிங்கப்பூர் வரை தும்மல் வரவழைத்தது.

பாடம் கெட்டது இதற்குப் பிறகுதான். எடை பார்த்த பெட்டி மூடிய பெட்டி என்பது நகரத்து நம்பிக்கை. ஏனாத்தூரில் எடை பார்த்த பெட்டியென்றால் இன்னும் அரைக் கிலோ இடம் இருக்கிற பெட்டி. இரவு ஒன்பது மணிக்குப் பெரியம்மா ஜிப்பைத் திறந்து எள்ளுருண்டை வைக்கிறார். பத்து மணிக்கு அத்தை வந்து, சட்டைக் கைக்குள் இட்லிப்பொடியைச் செருகுகிறார். உ.வே.சா. காலத்திலிருந்து பதிப்பாசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கல் இதுதான். இடைச்செருகல் செய்தவர் தம் பெயரை எழுதுவதில்லை. மூலத்தின் நடையிலேயே, மூலத்தின் மடிப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார்.

"எடை ஏறிடும் பெரியம்மா."

"பொடி என்னாடா எடை? காத்து மாதிரி. எடுத்துனு போ, ஒண்ணும் ஆவாது."

இடைச்செருகலைக் கண்டுபிடிக்கும் ஒரே பதிப்பாசிரியர் எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் இருக்கிறார். அவருடைய முறை எளிது. உணவு, துணி, காகிதம் போன்ற கரிமப் பொருள் ஆரஞ்சு நிறம். உலோகம் நீலம். இடைப்பட்டவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத கனமான பொருள் கறுப்பு. வெடிமருந்துகளில் பெரும்பாலானவையும் கரிமப் பொருளே, ஆகவே ஆரஞ்சு. அத்தையின் இட்லிப்பொடியும் ஆரஞ்சு. நெருக்கிக் கட்டிய ஒரு கிலோ பொடி திரையில் தெரியும் விதத்தை அத்தையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பெருமைப்படுவார்.

அடுத்தது தொக்கு. இதில் சற்று நின்றுதான் போக வேண்டும். பொருள்களைத் திடம், திரவம் என்று இரண்டாகப் பிரித்தவர்கள் மாங்காய்த் தொக்கைப் பார்க்காதவர்கள். தமிழிலக்கணம் இந்த இக்கட்டை முன்பே சந்தித்திருக்கிறது. உயிரும் அல்லாத, மெய்யும் அல்லாத ஒன்றுக்கு ஆய்தம் என்று தனி இடம் கொடுத்தது. தொக்கு பருப்பொருள்களின் ஆய்தம். கரண்டியில் நிற்கும், கவிழ்த்தால் நகரும், எண்ணெய் மட்டும் தனியே ஓடும். விமானத் துறை இந்த நுட்பத்துக்குள் போவதில்லை. 2006 ஆகஸ்டில் பான பாட்டில்களில் திரவ வெடிமருந்து கொண்டுபோக லண்டனில் நடந்த சதி வெளிப்பட்டபின், பன்னாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கூடாதென்று ஆயிற்று. பசை, களிம்பு, கூழ் எல்லாம் திரவக் கணக்கு. அளவு பார்ப்பது பாத்திரத்துக்கு, உள்ளிருப்பதற்கு அல்ல. 200 மில்லி பாட்டிலில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கரண்டி நெய்யும் போகாது. கால்படி அளந்தால் அரிசியைப் பார்க்கும் நமக்கு, படியை மட்டும் பார்க்கும் இந்த முறை பிடிபடச் சில பயணங்கள் ஆகும்.

எனக்கு ஒரு பயணம் ஆயிற்று. எந்த நிலையம் என்பதை ஆய்வு நெறி கருதி மறைக்கிறேன். அரை லிட்டர் ஹார்லிக்ஸ் பாட்டில், வாயில் பாலிதீன் வைத்துத் திருகி, ரப்பர் பேண்ட் போட்டு, பழைய லுங்கித் துண்டில் சுற்றியது. அதிகாரி அதைத் தொட்டியில் போடுமுன் மூடியைத் திறந்து பார்த்தார். வெந்தய வாசனை வரிசை முழுக்கப் போயிற்று. "வீட்ல செஞ்சதா?" என்றார். ஆமாம் என்றேன். ஆனாலும் போட்டார். சட்டம் சட்டந்தான், ஆனால் அந்தக் கேள்வி கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஊறுகாய் சரக்குப் பெட்டியில் போக வேண்டும், பவர் பேங்க் கைப்பையில் வர வேண்டும். ஏனாத்தூரில் இது தலைகீழாகவே நடக்கும். சாப்பாடு கண்ணெதிரில் இருக்க வேண்டும், கரண்டுச் சாமான் துணிக்கு நடுவில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கோட்பாடு. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கறையில் கை எட்டாது, இருக்கையருகே என்றால் அணைக்கலாம் என்பது எதிர்க்கோட்பாடு. இருபதாயிரம் எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் 74 வாட்-மணி. வரம்பு 100. தேங்காய்க்குத் தனி வரலாறு உண்டு. கொப்பரையில் எண்ணெய் மிகுதி, தீப்பற்றும்; ஆகவே தேங்காய்க்குக் கைப்பையில் இடமில்லை. ஆனால் 2024 அக்டோபரில், சபரிமலைக்குப் போவோர் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்று 2025 ஜனவரி 20 வரை சலுகை தந்தார்கள். மாலை போடாத தேங்காய்க்கு அது கிடைக்கவில்லை. கசகசாவை மட்டும் எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். குருமாவுக்கு அரைக்கும் அந்த வெள்ளை மணி சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அபின் குடும்பத்தது. இதில் விளையாட்டு வேண்டாம்.

உடம்புப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன். பெல்ட்டைக் கழற்றியவர்கள் அரைஞாண் கயிற்றை மறக்கிறார்கள். வெள்ளி அரைஞாண் என்றால் வளைவு கத்தும், எங்கே என்று கேட்டால் சொல்லவும் கூச்சம். பெரியம்மா ஒருமுறை வந்தபோது புடவையில் ஏழு ஊக்கு. சோதிக்கும் பெண்ணோடு திரைக்குள் போனவர் வெளியே வந்து, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, கல்யாணம் ஆகலையாம்" என்றார். சோதனை யாருக்கு நடந்தது என்பதில் ஆய்வாளருக்கு இன்னும் ஐயம்.

இந்த மாவட்டத்தில் விமான நிலையம் வெறும் சிரிப்புக்குரிய பொருள் அல்ல என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். பரந்தூரில் புதிய நிலையம் என்று 2022-இல் அறிவிப்பு வந்ததிலிருந்து அப்பகுதி ஏகனாபுரத்தார் நிலத்தைத் தர மாட்டோம் என்று போராடுகிறார்கள். நாங்கள் இப்போதைக்குச் செங்கல்பட்டு போய் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்குகிறோம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே நிலையம். பெட்டிக்கு மட்டும் படிக்கட்டு பகை.

மூன்றாம் பயணத்தில் நான் தேறிவிட்டதாக நினைத்தேன். புறப்படும் காலையில் ஜிப்புக்குப் பூட்டு. பொடி, ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில். கைப்பையில் பவர் பேங்க், மருந்து, ஒரு புத்தகம். சோதனையில் கைப்பை தனி வழியே திரும்பிப் போயிற்று. அதிகாரி அடியில் கைவிட்டு உருண்டையாக ஒன்றை எடுத்தார். செய்தித்தாள், அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் நூல்.

"இது என்ன சார்?"

"தெரியலைங்க."

சொல்லக் கூடாத பதில். ஐந்து சுற்றைப் பிரித்தார். உள்ளே கறுத்துச் சுருண்ட உப்பு நாரத்தங்காய், நான்கு. முகர்ந்தார். "குமட்டலுக்கா?" என்றார். காய்ந்தது, எண்ணெய் இல்லை. திரும்பக் கட்டித் தந்தார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் வீட்டுக்கு போன் போட்டேன். பெரியம்மா தான் வைக்கவில்லை என்றார், அத்தையாக இருக்கும். அத்தை எதிர்வீட்டு அக்காவைச் சொன்னார். அக்கா, "நான் எள்ளுதாம்பா குடுத்தேன்" என்றார். போர்டிங் கூப்பிடும் வரை தெருவே விசாரித்தும் ஆசிரியர் கிடைக்கவில்லை. பெயர் தெரியாப் புலவர்க்குப் பாட்டுத் தொடராலேயே பெயரிடும் மரபு நமக்கு உண்டு. செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்தவர். அம்மரபைப் பின்பற்றி, இச்செருகலின் ஆசிரியர் ஐந்துசுற்றுத்தாளார் என்று பதிவு செய்கிறேன்.