கடையில்லாத முதலாளி

திருகோணமலையில் ஒருவன் சைக்கிள் திருத்துகிறான் என்றால் அவனுக்கு ஒரு கடை இருந்தாக வேண்டும். பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ஒரு தகரக் கொட்டில், வாசலில் தொங்கும் பழைய ரயர், ஓட்டை பார்க்க ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு வாங்கு, அந்த வாங்கில் சைக்கிளே இல்லாமல் பேப்பர் வாசிக்க மட்டும் வருகிற ஒரு பெரியவர். இவ்வளவும் இருந்தால் அவன் முதலாளி. அதே சாமான்களை ஓர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருத்தினால் அவன் ‘அந்தப் பொடியன்’. எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. இன்னும் பொடியன்தான்.

ஒருமுறை வங்கியில் கடன் கேட்கப் போனேன். விண்ணப்பத்தில் ‘வியாபாரம் நடைபெறும் இடம்’ என்றொரு கட்டம். அதிகாரியும் நானும் அதைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தோம். “காலையில உவர்மலை, பத்து மணிக்குப் பிறகு உப்புவெளி, பின்னேரம் நிலாவெளிப் பக்கம்” என்றேன். அவர் பேனாவை மூடினார். “அண்ணன், ஒரே இடத்தில நிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.” ஒரே இடத்தில் நிற்பதற்கு எனக்கு எதற்குக் கடன்?

வீடு தேடிப் போகிற தொழிலில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள், பலகாரம் வைப்பார்கள், மகளின் கல்யாணத்துக்குச் சொல்வார்கள். காசு மட்டும் கொடுக்கமாட்டார்கள். வந்தவனிடம் காசுக் கதை கதைப்பது மரியாதையில்லையாம். “காத்துத்தானே தம்பி அடிச்சீங்க” என்பார்கள். காற்று இறைவன் தந்தது என்பது சரி. பம் நான் வாங்கியது. கிண்ணியாவில் ஒரு வீட்டில் பிரீவீல் மாற்றிவிட்டு எழும்பப் போனபோது மத்தியானச் சாப்பாட்டுக்கே உட்கார்த்திவிட்டார்கள். அந்த மாட்டிறைச்சிக் கறிக்குப் பிறகு கூலி கேட்க எந்த மனிதனுக்கு நா எழும்பும்? 2009இல் அந்த 396 மீற்றர் பாலத்தைத் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் துறையைக் கடக்க வேண்டியிருந்தது. அந்தக் காலமாக இருந்திருந்தால், “கடைசிப் பாதை போயிடும், காசைத் தாங்க நானா” என்று அவசரப்படுத்தி எழும்பியிருப்பேன். பாலம் வந்து அந்தச் சாட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

என் தொழிலின் உண்மையான பங்காளி கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக் காற்று. இரும்புச் சட்டகத்துக்குள் அலுமினியச் சீற் தண்டு இறங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பற்றரியாகிவிடுகிறது. அலுமினியம் அரிபட்டு, அந்த அரிப்பு வீங்கி, தண்டை உள்ளேயே பூட்டிவிடும். பிறகு சீற்றை உயர்த்துவதைவிட ஓடுகிறவர் தன் காலைக் குட்டையாக்கிக்கொள்வது சுலபம். உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர்களுக்கு நான் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். சீசன் ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பரில் முடியும். முடிந்ததும் சைக்கிள்களை மதிலோடு சாய்த்து, வாடைக்காற்றையும் மாரி மழையையும் காவலுக்கு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மார்ச் கடைசியில் போன் வரும்: “ஒண்டுமில்ல தம்பி, காத்தடிச்சா ஓடும்.”

போய்ப் பார்த்தால் செயினைக் கழற்றித் தடிபோல நிமிர்த்திப் பிடிக்கலாம். அவ்வளவு இறுக்கம். விடுதிச் சமையல்காரர் ஒருவர் அதற்குத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தார். தலைக்கும் கறிக்கும் உகந்தது செயினுக்கு ஆகாதா என்பது அவர் நியாயம். தேங்காயெண்ணெய் பிசுபிசுவென்று நின்று, கடற்கரை மணல் முழுவதையும் வா என்று அழைத்து ஒட்டிவைத்துக்கொள்ளும். அந்தச் செயினில் இருந்த மணலுக்கு அகழ்வு அனுமதிப் பத்திரம் எடுக்கவேண்டும்.

சாமான்களில் என் மானத்தை வாங்குவது வால்கட்டைதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் சைக்கிளிலிருந்து நாங்கள் களவெடுத்தது ஒரே ஒரு வகை. இறப்பர்க் குழாய் மாட்டிய அந்தப் பழைய சாதி இன்னும் லுமாலாவிலும் றலியிலும் ஓடுகிறது. மலைச் சைக்கிளுக்குக் கார் ரயரில் இருப்பதுபோன்ற தடித்த வால்வு. வெளிநாட்டுக்காரர் கொண்டுவரும் றேஸ் சைக்கிளில் ஊசிபோல ஒன்று. அதன் தலையிலுள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தாவிட்டால் பூமியிலுள்ள காற்று அத்தனையும் வந்தாலும் உள்ளே போகாது. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் பெற்றோல் செட்டில் அந்த ஊசிக்குக் காற்றடிக்க முயன்றுகொண்டிருந்தார். சுற்றி ஊரே நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஓட்டோவிலிருந்து சிறிய பித்தளைத் துண்டொன்றை எடுத்து மாட்டினேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் காசு கொடுத்தார், எண்ணிக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர் என்னைக் கடிந்துகொண்டார்: “விருந்தாளிட்டப் போய்க் காசு வாங்குறீங்களே.”

2022இல் என் காலம் வந்தது என்று நினைத்தேன். பெற்றோல் இல்லை. கச்சேரி உத்தியோகத்தர், டொக்டர், வாத்தியார் என எல்லோரும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் றலியை இழுத்து வெளியே எடுத்தார்கள். ஒரு சைக்கிளின் சீற்றை எலி தின்றிருந்தது, இன்னொன்றின் ஹாண்டிலுக்குள் பல்லி முட்டை. எல்லாருக்கும் நான் உடனே வேண்டும். ஆனால் நான் வருவது ஓட்டோவில். ஓட்டோவுக்குப் பெற்றோல் வேண்டும். நாடு முழுவதும் சைக்கிளுக்கு மாறிய நேரத்தில் சைக்கிள் திருத்துகிறவன் பெற்றோல் வரிசையில் நின்றான். இத்தனைக்கும் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவைத்துப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அவற்றை யார் யார் பங்கிடுவது என்ற ஒப்பந்தம் அதே வருட ஜனவரியில்தான் கையெழுத்தாகியிருந்தது. கடைசியில் சாமான்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். வழியில் அந்தச் சைக்கிளுக்கே காற்றுப் போய்விட, அதைத் திருத்த நான் நிறுத்திய இடத்தில் பின்னால் ஒரு வரிசை உருவாகிவிட்டது. ஏதோ கொடுக்கிறார்கள் என்று சனம் நினைத்திருக்கிறது. ஓகஸ்டில் கியூஆர் அட்டைக்குப் பெற்றோல் கொடுக்கத் தொடங்கியதும் டொக்டரின் றலி கோழிக்கூட்டுக்குப் பின்னால் திரும்பிப் போனது. கோழிகளுக்குத்தான் சந்தோசம்.

இந்த நிலையில்தான் சைக்கிள் ஓட்டப் போட்டிகளுக்குப் பின்னால் போகும் உதவி வாகனமாக என் ஓட்டோவை மாற்றினேன். இதற்குப் பெரிய பரம்பரை உண்டு. 1913ஆம் ஆண்டு தூர் தெ பிரான்ஸ் ஓட்டத்தில் இயூஜேன் கிறிஸ்தோப் என்பவர் மலையிலிருந்து இறங்கும்போது முன்கவை முறிந்துவிட்டது. அந்தக் காலத்துச் சட்டப்படி ஓடுகிறவனுக்கு யாரும் உதவக்கூடாது. மனிதர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, அடிவாரக் கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டினார். நடுவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி ஊத ஒரு சின்னப் பையன் கைகொடுத்தான் என்று அதற்குத் தண்டனை நேரமும் போட்டார்கள். இந்தக் கதையில் என் மனம் போவது அந்தப் பையனிடம். உலகத்தின் முதல் உதவி வாகனம் அவன்தான். அவனுக்கும் யாரும் காசு கொடுத்ததாகத் தெரியவில்லை.

பிறகு பல பத்தாண்டுகளாக அந்த ஓட்டத்தில் மவிக் கம்பனியின் மஞ்சள் வாகனங்கள் எல்லா அணிக்கும் பொதுவாக உதவின. 2021இல் அந்த இடத்துக்கு ஷிமானோவின் நீல வாகனங்கள் வந்தன. பொது என்றாலும் எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைக்கவேண்டாம். 2016 ஜூலை 14 அன்று வொன்து மலையில் கிறிஸ் புறூம் ஒரு மோட்டார் சைக்கிளால் விழுந்து, சைக்கிள் முறிந்து, முதலிடத்தில் இருப்பவருக்குரிய மஞ்சள் சட்டையோடு மலையில் கால்நடையாக ஓடினார். மவிக்காரர் கொடுத்த சைக்கிள் அவருக்குச் சின்னது, அதன் பெடலும் அவர் சப்பாத்துக்கு ஒத்துவரவில்லை. உலகத்தின் முதல்தர ஓட்டத்திலேயே இந்தக் கதி என்றால், புல்மோட்டை வீதியில் என்னைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. டிஸ்க் பிறேக் சில்லு, சாதாரணப் பிறேக் சில்லு, எட்டுப் பல்சக்கரம், பதினொன்று, பன்னிரண்டு என்று எத்தனையைத்தான் ஓர் ஓட்டோ சுமக்கும்? தேவைப்படுவதைத் தவிர மற்ற எல்லாம் என்னிடம் இருக்கும்.

ஆனால் என் உண்மையான சிக்கல் சாமானில் இல்லை. ஓட்டோவின் பின்பக்கம் ‘நடுநிலை உதவி வாகனம்’ என்று மூன்று மொழியிலும் எழுதிவைத்தேன். இந்த ஊரில் நடுநிலை என்று எவன் சொல்கிறானோ அவனைத்தான் சனம் முதலில் சந்தேகிக்கும். “எந்தக் கழகத்து நடுநிலை?” என்று ஒருவர் கேட்டார். “தேர்தலுக்கு நிக்கிறீங்களா?” என்றார் இன்னொருவர். இதனால் ஓட்டக்காரர் எவரும் என்னை நம்புவதில்லை. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், அதில் சில்லைக் கழுத்தில் மாட்டிய ஒரு மச்சான். சில்லு மாறவேண்டி வந்தால் மச்சான் ஐந்து கிலோமீற்றர் பின்னால் சர்பத் குடித்துக்கொண்டு நிற்பான். அப்போதும் என்னிடம் வரமாட்டார்கள், மச்சானுக்காகக் காத்திருப்பார்கள். என் வாகனத்தில் உண்மையில் ஏறுவது ஒழுங்கமைப்பாளரின் குடும்பம், ஒலிபெருக்கிக்காரரின் பற்றரி, பிரதம விருந்தினருக்கு வாங்கிய மாலை.

பிரதம விருந்தினர் வரும்வரை கொடி அசைக்கமாட்டார்கள். ஆறு மணி ஓட்டம் எட்டரைக்குத் தொடங்கும்போது ஓட்டக்காரர் பாதி காய்ந்திருப்பார்கள். நகரத்தை விட்டுக் கிளம்பும் முன் புள்ளிமான்களைக் கடக்கவேண்டும். கோட்டைக்குள் இருக்கும் மான்கள் நகரத்துக்குள்ளும் உலாவும், எந்த விசிலுக்கும் அசையாது. வீதித் தடைக்குப் பொலிஸ் நிறுத்தியிருக்கிறது என்றே வெளியூர் ஓட்டக்காரர் நினைப்பார்கள். கடதாசி அவற்றுக்கு நல்ல தீன். ஒரு நாள் ஓட்டோவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் ஒரு மான் என் கடன் கொப்பியைத் தின்று முடித்துவிட்டது. எனக்குக் காசு தரவேண்டியவர்களின் வேண்டுதலைக் கோணேசர் ஒன்றுசேரக் கேட்டிருக்கிறார்.

வேகப் போட்டியில் தேறாதவன் மெதுப் போட்டியிலாவது தேறட்டும் என்று சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு ஒரு விளையாட்டுக் கழகம் அழைத்தது. வழுக்குமரம், தலையணைச் சண்டை, கயிறிழுத்தலோடு சைக்கிள் மெதுவோட்டமும் உண்டு. கால் ஊன்றக்கூடாது, கோட்டை விட்டு விலகக்கூடாது, கடைசியாக வருபவருக்கு முதற் பரிசு. வேகமாகப் போவது எவனுக்கும் வரும். நின்றும் நிற்காமலும் போவதுதான் வித்தை. எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டத்தை எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன்.

“அம்பது மீற்றர்.”

“அதுக்கு உதவி வாகனம் எதுக்கு?”

“பெரிய ஓட்டமெல்லாத்துக்கும் பின்னால ஒண்டு போகுதுதானே அண்ணன். எங்களுக்கும் போகட்டுமே.”

போனேன். முதலாம் கியரில், கிளச்சை அரைகுறையாகப் பிடித்தபடி. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கால் ஊன்றி வெளியேற, கடைசியில் ஒரு பொடியன் மட்டும் ஆடி ஆடி எல்லைக் கோட்டைத் தாண்டினான். அவனுக்குப் பின்னால் நான் தாண்டினேன். சனம் கைதட்டியது. யாரோ ஒரு கிழவர் எழும்பி, கடைசியாக வந்தது ஓட்டோதான், கால் ஊன்றவுமில்லை, கோட்டை விட்டு விலகவுமில்லை, ஆகவே வென்றது ஓட்டோ என்றார். நடுவர்கள் ஒன்றுகூடினார்கள். மூன்று சில்லுக்குத் தடையென்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் நடுநிலை என்று எவ்வளவோ சொன்னேன், எவரும் நம்பவில்லை. முடிவில் பொடியனுக்கு முதற் பரிசும் எனக்கு ஆறுதல் பரிசும் என்று தீர்ந்தது. ஆறுதல் பரிசு ஒரு சைக்கிள் பம். விழா முடிந்து பொருளாளரிடம் என் கூலியைக் கேட்டேன்.

“பரிசு தந்தாச்சே அண்ணன்” என்றார்.