சமக்குறி போன ஜெயில்

எக்ஸைத் தேடி அலையும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள், அதைத் தேடக் கற்றுக்கொடுத்தவர்கள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் ஆமஸ் என்றொரு எழுத்தர் பழைய சுவடி ஒன்றிலிருந்து கணக்குகளை நகல் எடுத்தார். ஒரு குவியல், அதோடு அதில் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19. குவியல் எவ்வளவு? முதலில் கூசாமல் '7' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட வேண்டும். ஏழும் அதில் ஏழில் ஒன்றும் 8. வேண்டியதோ 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, ஏழையும் அத்தனை மடங்காக்கு. விடை பதினாறரையே அரைக்கால். அவரும் அரையையும் அரைக்காலையும் தனித்தனியாகத்தான் எழுதி வைத்திருக்கிறார். பொய்யில் ஆரம்பித்து, அளவாகத் திருத்தி, உண்மைக்கு வந்து சேரும் இந்த வழி ஒரு குமாஸ்தாவின் கைக்குப் பிடிபட்டதில் ஆச்சரியமில்லை.

கி.பி. 820 வாக்கில், பாக்தாதில் கலீபா அல்-மாமூனின் ஆதரவில் இருந்த அல்-குவாரிஸ்மி, ஒரு பக்கம் கழித்து நிற்பதை மறுபக்கம் கூட்டிச் சரிக்கட்டும் வித்தையை ஒரு நூலில் முறைப்படுத்தினார். குறி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் வசனம். நூலின் பிற்பகுதி பாகப்பிரிவினைக் கணக்கு: செத்தவர் சொத்தில் மகனுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு. பங்காளிச் சண்டை இல்லையென்றால் அல்ஜீப்ரா இவ்வளவு செழித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பிறகு வந்தார் வேல்ஸ்காரர் ராபர்ட் ரெக்கார்டு. படிப்பால் மருத்துவர். பிரிஸ்டல் நாணயச்சாலையைப் பார்த்துக்கொண்டார். அயர்லாந்தில் வெள்ளிச் சுரங்கத்தை மேற்பார்த்து நஷ்டத்தோடு திரும்பினார். 'சமம், சமம்' என்று எழுதி எழுதிச் சலித்துப்போய், 1557-இல் வெளிவந்த தம் நூலில் இரண்டு இணைகோடுகளை இழுத்தார். இவற்றைவிட ஒன்றுக்கொன்று சமமான இரண்டு பொருள்கள் இல்லையாம். அதே நூலில் எட்டாம் அடுக்குக்கு 'சென்சிசென்சிசென்சிக்' என்று பெயர் வைத்திருந்தார். அது நிலைக்காமல் போனது பிள்ளைகள் செய்த புண்ணியம்.

காகிதத்தில் சமம் கண்ட மனிதர், வெளியில் பெம்புரோக் பிரபுமேல் முறைகேட்டுப் புகார் கொடுத்தார். பிரபு அவதூறு வழக்குப் போட்டார். வைத்தியரும் பிரபுவும் இணைகோடுகள் அல்லவே! அதே 1557-இல் தீர்ப்பு: 1000 பவுண்டு கொடு. ரெக்கார்டு ஜெயிலுக்குப் போய், 1558-இல் அங்கேயே செத்தார். அவருடைய குறியை அறுபது வருஷம் அச்சில் யாரும் சீந்தவில்லை. 1637-இல் எக்ஸை நம் தலையில் கட்டிய தெக்கார்த்தும் சமத்துக்கு வேறு குறியைத்தான் போட்டார்.

சமத்துக்கே இந்தக் கதி என்றால் அசமன்பாட்டுக்கு? தாமஸ் ஹாரியட் 1585-இல் அமெரிக்கா போய், புகையிலைப் பழக்கத்தோடு திரும்பியவர். 1605-இல் பாராளுமன்றத்துக்கு வெடிமருந்து வைத்த சதியில் அவருடைய புரவலரான நார்தம்பர்லாந்து பிரபு மாட்ட, இவரும் கொஞ்ச காலம் உள்ளே இருந்தார். 1621-இல் இறந்தார். அவர் விட்டுப்போன தாள்களிலிருந்து 1631-இல் வந்த நூலில்தான் > என்பதும் < என்பதும் முதலில் அச்சேறின.

எதிர் எண்ணால் பெருக்கினால் அசமன்பாட்டுக் குறி ஏன் திரும்புகிறது என்று பிள்ளைகள் விழிக்கிறார்கள். 1000 பவுண்டு வைத்திருப்பவன் 100 பவுண்டுக்காரனைவிடப் பெரிய ஆள். 1000 பவுண்டு கடன் வைத்திருப்பவன் 100 பவுண்டு கடன்காரனைவிடச் சின்ன ஆள். ரெக்கார்டைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் விளக்கியிருப்பார்.

'பெரியது அல்லது சமம்' என்று இரண்டையும் ஒன்றாக அடுக்கிய குறி பிரெஞ்சுக்காரர் பியேர் பூகே 1734-இல் போட்டது. அடுத்த வருஷமே அவர் பூமியை அளக்க அன்றைய பெருவுக்குக் கிளம்பினார்; கூட வந்த லா கொண்டமினோடு பெரும் சண்டை பிடித்தார். ஜெயிலுக்கு மட்டும் போகவில்லை.