22 ஆம்பியரில் ஒரு சம்சாரம்

பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருட்டில் நின்றுவிட்டால், அதன் சொந்தக்காரர் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை, லூகாஸைத் திட்டுகிறார். பர்மிங்காமில் விளக்கு செய்து பேர் வாங்கிய கம்பெனிக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டமே கட்டிவிட்டார்கள். வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால் இந்தத் திட்டில் பாதி அநியாயம். 1962-ல் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த எம்ஜிபி காரில் சம்பாதிக்கிற ஆள் ஒரே ஒரு லூகாஸ் சி40 டைனமோ. உச்ச வருமானம் 22 ஆம்பியர். செலவைப் பாருங்கள்: ஹெட்லைட் இரண்டுக்கும் சுமார் பத்து, இக்னிஷனுக்கு மூன்று நான்கு, வைப்பருக்கு மூன்று, ஹீட்டர் விசிறிக்கு நான்கைந்து, சில்லறை விளக்குகளுக்கு இரண்டு. சம்பளம் வந்த அன்றே தீர்ந்தது. அதுவும் என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் சம்பளம். சிக்னலில் நின்றால் சம்பளமில்லா விடுப்பு, பிறகு சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளிடம் கைமாற்று. இங்கிலாந்தில் மழையும் குளிரும் இருட்டும் ஒரே சாயங்காலத்தில் சேர்ந்து வராது என்று கணக்குப் போட்டவர் யாரோ, அவர் அந்த ஊர்க்காரராக இருந்திருக்க முடியாது.

ஆகவே ஆல்டர்னேட்டர் மாட்டுவதுதான் புத்தி. டைனமோவில் மின்சாரம் முழுவதும் சுற்றுகிற ஆர்மேச்சரில் பிறந்து, கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். ஆல்டர்னேட்டரில் அது அசையாத ஸ்டேட்டரில் பிறக்கிறது. பிரஷ் சுமப்பது ரோட்டருக்கான கொஞ்சம் கரண்டை மட்டுமே. அதனால் சின்ன புல்லி போட்டு இன்னும் வேகமாகச் சுற்றவிடலாம், ஐடிலிங்கிலும் சார்ஜ் கிடைக்கும். ‘அசல் கெட்டுப்போகுமே’ என்று பதறுகிறவர்களுக்கு ஒரே பதில்: 1967 கடைசியில் தொழிற்சாலையே டைனமோவைக் கழற்றிவிட்டு 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிட்டது. பெற்றவர்களே கைவிட்டதை நாம் கட்டிக்கொண்டு அழுவானேன்?

எனக்குப் பயம் அசல்வாதிகளிடம் இல்லை, ஆசைவாதிகளிடம்தான். 34 போதுமென்றால், ‘ஏன், 60 போட்டால் என்ன?’ என்பார்கள். போடலாம். ஆல்டர்னேட்டர் கேட்ட அளவுதான் கொடுக்கும். கேட்காதவன் மேல் 60-ஐயும் கொட்டாது. குதிரைசக்தி போய்விடும் என்ற புலம்பலுக்கும் இதுவே பதில்: முழுச் சுமையில்கூடச் சுமார் இரண்டு குதிரைதான் போகும், அந்த என்ஜினில் 95 இருக்கின்றன. சிக்கல் வேறிடத்தில். 22 ஆம்பியருக்கென்று இழுத்த ஒயர் அப்படியே கிடக்கிறது. கிட்டத்தட்ட காலியான பேட்டரி கேட்கும்போது புது ஆல்டர்னேட்டர் வஞ்சனையில்லாமல் கொடுக்கும், ஒயர் சூடேறும். டிரயம்ப் டிஆர்4-இல் இது இன்னும் விசேஷம்: சார்ஜ் ஆகும் கரண்ட் டாஷ்போர்டிலுள்ள ஆம்மீட்டருக்குள் புகுந்துதான் போகிறது, அதன் முள்ளுக்கோ 30-க்கு மேல் எண்ணத் தெரியாது. முதலில் தடித்த ஒயர், துருப்பிடிக்காத எர்த் இணைப்பு, பிறகு ஆல்டர்னேட்டர். பல கார்களில் முதல் இரண்டையும் செய்து முடித்ததுமே ஹெட்லைட் பிரகாசமாகி, மூன்றாவதன் அவசரம் குறைந்துவிடும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. சுரண்டிச் சுத்தம் செய்த எர்த் ஸ்ட்ராப்பை நண்பர்களிடம் காட்டிப் பெருமையடிக்க முடியாதே!

எர்த் என்றதும் இன்னொரு வில்லங்கம். ஆரம்பகால எம்ஜிபியில் பாடிக்கு எர்த் ஆவது பாசிட்டிவ்; சாதாரண ஆல்டர்னேட்டருக்கு வேண்டியது நெகட்டிவ். திருப்பாமல் இணைத்தால் அதற்குள் இருக்கும் டயோடுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் கைலாசம். பேட்டரியையும் இக்னிஷன் காயில் இணைப்புகளையும் மாற்றிப்போட வேண்டும், ஆர்பிஎம் மீட்டரைப் பிரித்துத் திருத்த வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு மட்டும் இந்தக் கட்சிப் பூசலில் அக்கறையில்லை. கரண்ட் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது வளைந்து கொடுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கண்காட்சி நடுவருக்குப் பயப்படுகிறவர்களுக்காக, டைனமோ உடலுக்குள் ஆல்டர்னேட்டரை ஒளித்துவைத்து விற்கிறார்கள். பார்வைக்கு அதே கறுப்பு உருளை. பாசிட்டிவ் எர்த்துக்கும் தனியாகக் கிடைக்கிறது. நடுவர் குனிந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது, ஐடிலிங்கில் ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டச் சொல்லாத வரை.