நூறு கிலோ அண்ணன்

திங்கட்கிழமை சாயங்காலம் எந்த ஊர் ஜிம்முக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பெஞ்ச் காலியாக இருக்காது. பஸ் ஜன்னல் வழியாக இடம் பிடித்த மாதிரி அதன் மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்குச் சொந்தக்காரர் கண்ணாடி முன்னால் நின்று மூச்சை இழுத்து நெஞ்சை அளந்துகொண்டிருப்பார். அவர்தான் நூறு கிலோ அண்ணன்.

அவருடைய நிஜப் பெயர் ஜிம் ரிஜிஸ்டரில் மட்டும் உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் ஆள் மலை. பக்கவாட்டில் பார்த்தால் தோள் இரண்டும் முன்னால் சரிந்து லேசாகக் கூன் தட்டும். இடுப்புக்குக் கீழே எப்போதும் தொளதொள டிராக் பேண்ட்தான். உள்ளே என்ன நிலவரம் என்று யாரும் பார்த்ததில்லை. "நாளைக்கு லெக்ஸ்" என்று மாஸ்டர் சொன்னால், மறுநாள் அண்ணனின் மச்சான் வீட்டில் ஏதாவது விசேஷம் வந்துவிடும்.

நூறு கிலோ என்பது என்ன கணக்கு? போட்டிகளில் பயன்படுத்தும் ராடு 20 கிலோ. பக்கத்துக்கு இரண்டு இருபது கிலோ ப்ளேட் மாட்டினால் மொத்தம் 100. கணக்கில் பிழையில்லை. ஆனால் அண்ணன் தூக்கும் ராடு உள்ளூர் லேத்துப் பட்டறையில் கடைந்தது. அதன் எடை கடைந்தவருக்கே தெரியாது. ப்ளேட்டில் பெயின்ட்டால் எழுதிய '20' மட்டும் பளிச்சென்று தெரியும்.

தூக்கும் சடங்கைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் பட்டை சுற்றுவார். சுவரில் இருக்கும் ஆஞ்சநேயர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பாட்டு மாற்றச் சொல்வார். பிறகு, யாரோ ஒரு ஒல்லிப் பையனைப் பார்த்து, "தம்பி, ஒரு சப்போர்ட். சும்மா ரெண்டு விரல் வச்சா போதும்."

பெஞ்சில் படுத்து இறக்கும்போது, முதல் தடவை ராடு நெஞ்சுக்கு நாலு விரற்கடை மேலேயே நின்று திரும்பிவிடும். இரண்டாவதில் இடுப்பு பெஞ்சை விட்டு எழும்பும். மூன்றாவதில் ராடு பாதி வழியில் நின்று யோசிக்கும். தம்பியின் இரண்டு விரல் எப்போதோ பத்து விரலாகியிருக்கும். கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டிருப்பான். கீழேயிருந்து ஊருக்கே கேட்கும்படி ஒரு குரல்: "தொடாத, தொடாத!" அடுத்த நொடியே தம்பிக்கு மட்டும் கேட்கும்படி: "விட்றாத..."

ராடு ஸ்டாண்டில் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து கேட்பார்: "தொட்டியா?"

"இல்லண்ணே, முழுக்க நீங்கதான்."

பவர்லிஃப்டிங் போட்டியில் ராடு நெஞ்சில் பட்டு அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் சொன்ன பிறகுதான் தள்ளலாம். இடுப்பு எழும்பினாலும், பக்கத்தில் நிற்பவர் கை பட்டாலும் அந்தத் தூக்கு செல்லாது. இதையெல்லாம் சொன்னால், "அதெல்லாம் ஃபாரின் ரூல்ஸு" என்பார்.

யாரோ அவரிடம் ரஜிந்தர் சிங் ரஹேலு பற்றிச் சொல்லிவிட்டார்கள். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் பெஞ்சில் படுத்தபடி 157.5 கிலோ தூக்கி நமக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர். சின்ன வயதில் போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்டவர். "பாத்தீங்களா மாஸ்டர், பெஞ்சுக்குக் கால் தேவையே இல்ல!" என்று அண்ணன் மறுநாளே சட்டப் பாயிண்ட் எடுத்துவிட்டார். தன் உடம்பின் எடையைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் தூக்கியவர் ரஹேலு. எண்பத்துச் சொச்சம் கிலோ இருக்கும் அண்ணன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

மாஸ்டர் சொல்வது இவ்வளவுதான்: வாரா வாரம் உச்ச எடையைச் சோதித்துப் பார்ப்பது பரீட்சை, பயிற்சி இல்லை. எழுபத்தைந்துக்கு இறங்கு. ஐந்து ஐந்தாக ஐந்து செட், வாரத்துக்கு இரண்டு நாள். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இறுக்கிப் பெஞ்சில் பதித்துக்கொள், பாதத்தைத் தரையில் ஊன்று, முழங்கையை ரொம்ப விரிக்காதே. நெஞ்சுக்குச் செய்கிற அளவு முதுகுக்கும் இழு. ஒழுங்காக வந்தால் அடுத்த வாரம் பக்கத்துக்கு ஒன்னே கால் கிலோ ஏற்று.

இந்தக் கடைசி வரியில்தான் அண்ணன் உடைந்துபோனார். "ஒன்னே கால் கிலோ ப்ளேட்டா? பாக்குறவன் என்ன நினைப்பான்?" அந்தக் குட்டி ப்ளேட் இரண்டில் ஒன்று பாத்ரூம் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது, இன்னொன்று வரவுசெலவு நோட்டுக்கு வெயிட். உடம்பில் பலம் ஏறுவதே இப்படிச் சில்லறையாகத்தான் என்பதை அண்ணன் ஏற்கத் தயாரில்லை. அதற்குப் பதிலாகப் புது பெல்ட் வாங்கினார். சிவப்பு.

வருஷக்கணக்கில் அண்ணனின் நூறு நூறாகவே நிற்கிறது. திங்கள்தோறும் குனிந்து இழுத்த தம்பிக்குத்தான் முதுகு அகலமாகி, சட்டை அளவு மாறியிருக்கிறது.

நீங்கள் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவராக இருந்து, "தம்பி, ஒரு சப்போர்ட்" என்று குரல் வந்தால் மறுக்காதீர்கள். அவர் தனியாகவே படுத்துவிடுவார். இரண்டு பக்கமும் லாக் போட்ட ராடு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் சாய்த்து ப்ளேட்டைக் கழற்றிவிடவும் வழியில்லை. ஆகவே போங்கள். இரண்டு விரல் என்பதை நம்பாமல், முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, முழுக் கையாலும் பிடிக்கத் தயாராக நில்லுங்கள்.