ஒரு பவுண்டு தர்மம்

உலகில் தர்மசிந்தை அற்றுப்போயிற்று என்று அங்கலாய்ப்பவர்கள், 2020இல் கொரோனா தலைவிரித்தாடியபோது, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர் என்ற விவரங்களைத் திரட்டிப் பகுத்தாராய்ந்து சொல்வதற்கு, பாலண்டிர் என்னும் அமெரிக்கக் கம்பெனி இங்கிலாந்தின் தேசியச் சுகாதார சேவையிடம் பெற்றுக்கொண்ட ஊதியம் ஒரே ஒரு பவுண்டுதான் என்று அறிந்தால், வாயடைத்துப் போவார்கள். மூன்றடி மண் கேட்ட வாமனன்கூட இத்தனை அடக்கமாக யாசித்ததில்லை! அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டு கோடி பவுண்டுக்கு மேலும், 2023 நவம்பரில் அக்கம்பெனி தலைமையிலான கூட்டுக்கு ஏழாண்டுகளுக்கு 33 கோடி வரையிலும் ஒப்பந்தமாயிற்றென்றால், அது செய்த புண்ணியத்தின் பலன், நாம் அசூயைப்படலாகாது.

காத்திருக்கும் நோயாளியின் வரிசை முதல் ஆபரேஷன் தியேட்டரின் ஒழிந்த நேரம் வரை, சகலமும் ஒரே திரையில் நிர்மலமாகத் தெரியவேண்டும் என்பதன்றோ இந்த 33 கோடி ஒப்பந்தத்தின் லட்சியம்! அவ்வொப்பந்தத்தைப் பிரஜைகளும் கண்டு களிக்கட்டும் என்று சுகாதார சேவையினர் பெருந்தன்மையோடு வெளியிட்டார்கள். பெரும்பாலான பக்கங்கள், தனிநபர் விவரப் பாதுகாப்பு பற்றிய பகுதி உட்பட, முற்றிலும் மறைக்கப்பட்டிருந்தன. இவர்களுக்கு அந்தரங்கத்தைக் காக்கத் தெரியாது என்று இனி எந்த நாக்கு கூசாமல் சொல்லும்?