திருத்தணியில் 'ஸ்பெஷல்': தோற்றமும் திரிபும் தோசையும்

ஆங்கில அடைமொழிகளுள் 'நைஸ்' மாவுக்குரியது, 'ஹெவி' வயிற்றுக்குரியது. இவற்றை விடுப்போம். ஆராயத் தக்கது 'ஸ்பெஷல்' ஒன்றே.

லத்தீனில் 'ஸ்பெகெரே' என்றால் பார்த்தல். அதில் பிறந்தது தோற்றம், வகை என்று பொருள்படும் 'ஸ்பீஷீஸ்'. அதன் வழிவந்ததே 'ஸ்பெஷல்'. மசாலாவைக் குறிக்கும் 'ஸ்பைஸ்' இதற்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. தரிசனத்துக்கும் வடமொழியில் 'பார்' என்று பொருள்படும் சொல்லே வேர். ஆகவே 'ஸ்பெஷல் தரிசனம்' என்றால் வேர்ப்படி இருமுறை பார்க்க உரிமையுண்டு. ஆடிக் கிருத்திகையன்று சன்னிதியில் நின்று இந்த வாதத்தை வைத்துப் பாருங்கள். பலகையிலுள்ள 'சிறப்பு தரிசனம்' என்பதில் 'த்' மிகுமா என்ற வினாவோடு புலவர் இருவரை 365 படிகளின் அடியில் விட்டால், நடை சாத்தும்வரை முதற்படி ஏறமாட்டார்கள்.

'சிறப்பு ஏல்' என்பதே திரிந்தது என்பாரும் உளர். சான்று கேட்டால் தமிழ்ப் பகைவராவீர்.

மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம். அதை இன்றும் வழுவாமல் காப்பவர்கள் 'இஸ்பெசல்', 'பெசல்' என்று குரல்கொடுக்கும் டீ மாஸ்டர்களே.

இனி, 'ஸ்பெஷல் சாதா தோசை' (காண்க: அடிவாரக் கரும்பலகை, நான்காம் வரி, சாம்பார் தெறித்த பாடம், 'சாதா ஸ்பெஷல்' என்பது மேற்படி பலகையின் மறுபக்கம், பாதி அழிந்த நிலையில் கிடைத்த பாடபேதம்). பரிமாறுபவரிடம் களஆய்வு நிகழ்த்தப்பட்டது.

"சாதாதான் சார். மேல கொஞ்சம் நெய் ஊத்துவோம்."

"அப்போ நெய் தோசைதானே?"

"நெய் ரோஸ்ட் தனி சார். அது ரேட்டு வேற."

இம்மூன்று வரிக்கு உரை எழுதப் பிறந்தவர் 1888இல் இவ்வூரில் பிறந்த தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன். அவரோ 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகிவிட்டார். அவர் இல்லாத குறைக்கு நாமே துணிவோம்: சாதா நிர்குணம், நெய் விழுந்தால் சகுணம், நெய் ரோஸ்ட் விசிஷ்டாத்வைதம். 'சாதாவுக்கு ஸ்பெஷல் அடையா, ஸ்பெஷலுக்குச் சாதா அடையா' என்பது தீராச் சிக்கல் (காண்க: மேசை 6, கண்ணாடிக்கு அடியில் சொருகிய விலைப்பட்டியல், எண்ணெய்ப் படலத்தின் ஊடாகத் தெரியும் பகுதி, அதன்மேல் பேனாவால் ஏற்றிய புதுவிலை, அவ்விலைக்கு முதலாளியின் வாய்மொழி விளக்கம்). ஆய்வரங்கம் கூட்டினால் இரண்டு நாள் ஓடும். மதிய உணவு ஸ்பெஷலாக இருந்தால் மூன்று.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஸ்பெஷல் எங்கும் போகவில்லை. தெலுங்கிலும் அது ஸ்பெஷல்தான்.

இதற்குமேல் சான்று வேண்டுவோர் பில்லைக் கேட்டு வாங்கிப் படிக்கவும். உணவகத்துக்கான 5 விழுக்காடு ஜிஎஸ்டியில் ஸ்பெஷலுக்கும் சாதாவுக்கும் வேறுபாடு கிடையாது.