பைபாஸில் ஒரு நல்லவர்

முடியாது என்று சொல்லத் தெரியாதவன் குடியிருக்கக் கூடாத ஊர் உளுந்தூர்பேட்டை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள். சேலத்துக்குப் பிரிகிற சாலையும் இங்கேதான் கிளம்புகிறது. சொந்தபந்தம் முழுக்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாசலை உரசிக்கொண்டு போகும். போகும்போது போன் வரும்.

"மாமா, பண்ருட்டி பலாப்பழம் ஒண்ணு வாங்கி வைங்க. பஸ் ஊருக்குள்ள வராது, பைபாஸ்ல நின்னுடுங்க."

நிற்பேன். பழத்தைக் கீழே வைத்தால் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி விலை கேட்கிறார்கள். பஸ் நிற்காமல் போகும். ஜன்னலோரம் மருமகன் வாய் திறந்து தூங்குவது மட்டும் தெரியும். "அசந்துட்டேன் மாமா" என்று ராத்திரி போன் செய்வான். "அதனால என்னப்பா!" என்பேன். பிறகு ஒரு வாரம் வீட்டில் பலாச்சுளை, அடுத்த வாரம் பலாக்கொட்டைக் குழம்பு. "ஊருக்கு நல்லவரு. கொட்டை உரிக்கிறது மட்டும் நானு" என்பாள் மனைவி. அவளுக்கும் சரி என்றுதான் தலையாட்டுவேன்.

2019-இல் ஊர் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு மாறியது. டீக்கடையில் ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் "நீங்க சொல்றதுதாங்க கரெக்ட்டு" என்று ஒரே கிளாஸ் டீயில் சொன்னவன் நான்.

மண்ணின் வாகு என்று தப்பிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. இதோ பக்கத்திலேயே கூவாகம். பாரதப் போரில் களப்பலிக்கு ஆள் தேவை என்றபோது சம்மதித்த அரவானுக்குச் சித்திரைதோறும் அங்கே திருவிழா. ஆனால் அவரும் சும்மா தலையாட்டவில்லை. கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று வரம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் தலையைக் கொடுத்தார். நம்மை மாதிரி இலவசமாக அல்ல.

அதைவிட நெருக்கமான கேஸ் பக்கத்துத் திருநாவலூர்க்காரர் சுந்தரருடையது. சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரமாகவே எழுதியிருக்கிறார். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இது" என்கிறார். நானாக இருந்தால் முதலில் பந்தியில் உட்காரவைத்திருப்பேன். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார், பித்தன் என்று திட்டினார், வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபை வரை போனது. தோற்றார். வந்தவர் சிவன். கோபித்தாரா? வன்தொண்டன் என்று பட்டம் கொடுத்து, திட்டிய சொல்லையே முதலில் வைத்துப் பாடச் சொன்னார்.

அதே மனிதர் பிற்பாடு எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தார். திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரையும் கல்யாணம் செய்யப் பார்த்தார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும், பிரியவும் வேண்டும். "சத்தியம் பண்ணும் நேரம் நீங்கள் சந்நிதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று சிவனிடமே ஏற்பாடு. சரி என்ற சிவன், மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சங்கிலியார் தரப்புக்கும் சொல்லிவிட்டார். அவரும் நம் கட்சிதான் போலிருக்கிறது! சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. ஒன்று காஞ்சியிலும் மற்றது திருவாரூரிலுமாகத் தவணையில் திரும்பின.

நான் சொல்கிற "பார்க்கலாம்", "ஆகட்டும்", "வந்துட்டே இருக்கேன்" எல்லாமே மகிழமரத்துச் சத்தியங்கள்தான். ஆளையும் நோகடிக்காது, வேலையும் நடக்காது.

போன மாசம் தெரிந்தவர் ஒருவர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தார். வன்தொண்டரை நினைத்துக்கொண்டு, "முடியாதுங்க" என்றேன். தொண்டை வறண்டது. அவர் முகம் மாறவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

"உடனே சொன்னீங்களே, ரொம்ப சந்தோஷம். இதுக்கு முன்னாடி கேட்டவரு பார்க்கலாம் பார்க்கலாம்னே ரெண்டு மாசம் நடக்க விட்டுட்டாரு."

எழுந்தவர் வாசலில் நின்று, வேறு யாரைக் கேட்கலாம் என்றார். மச்சான் வீட்டுக்கு வழி சொன்னேன்.